பாலைவழிப் பயணமும் வழிகாட்டி நூலும்

புதிய ஊர்களுக்குச் செல்வோர் வழிகாட்டி நூல்களைத் துணையாகக் கொள்வது உலக வழக்கு. ஒரு நகரத்தைக் காணச் செல்லும்போது நூலில் பிழை இருந்தால், அதனால் நேரும் இழப்புப் பெரிதன்று. நூலில் புகழ்ந்து எழுதப்பட்ட உணவு விடுதி மூடிக் கிடக்கலாம். அடுத்த தெருவில் மற்றொன்று இருக்கும். வழி தவறிவிடலாம், எதிரே வருபவர் நல்வழி கூறுவார். ஆனால், பாலைவனத்தின் ஊடே வண்டி ஓட்டிச் செல்வோரின் நிலை வேறு. அங்கே அடுத்த தெரு இல்லை. எதிரே வருபவரும் இல்லை. 'இவ்விடத்தில் நீர் உண்டு' என்று நூல் கூறும் இடத்தில் நீர் இல்லாவிடின், ஒரு சொல்லில் நேர்ந்த பிழை உயிரிழப்பில் முடியும். ஆகவே, வழிகாட்டி நூலை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதைக் கற்பதற்குப் பாலைவழியைவிடச் சிறந்த பள்ளி இல்லை எனலாம்.

இதைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. அச்சில் வந்தவை யாவும் உண்மை என்று நம்பி, நூல் காட்டிய வழியே கண்ணை மூடிக்கொண்டு செல்வோர் ஒரு சாரார். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று கூறி, நூலைத் தொடாமலே புறப்படுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தவறுகின்றனர். வழிகாட்டி நூலைச் சாட்சி கூற வந்த ஒருவரைப் போலக் கருதுதல் வேண்டும். சாட்சியின் சொல்லைக் கேளாமல் தீர்ப்பு வழங்கும் நீதிபதி இல்லை. சாட்சி சொன்னதை ஆராயாமல் அப்படியே ஏற்கும் நீதிபதியும் இல்லை. நூலாகிய சாட்சியிடம் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இவ்வழியைக் கண்டவர் யார்? எப்போது கண்டார்? எவ்வகை வண்டியில் சென்று கண்டார்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் புறப்படுவோரே பாலையைக் கடக்கத் தகுதியுடையோர் ஆவர்.

இவ்வினாக்களின் அருமையை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதி தக்க இடமாகும். அங்கே பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் மேகங்களைச் சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் தடுத்து நிறுத்துகின்றது. மேகங்கள் மலையின் மேற்குச் சரிவிலேயே தம் நீரைப் பெரும்பாலும் பொழிந்துவிடுகின்றன. கிழக்கே உள்ள நிலம் மழை மறைவுப் பகுதியாகி வறண்டு கிடக்கிறது. யூட்டா மாநிலத்தில் பெரிய உப்பு ஏரிப் பாலைவனமும், கலிபோர்னியாவில் மோஹாவே பாலைவனமும் பரந்துள்ளன. டெத் வேலி எனப்படும் 'சாவுப் பள்ளத்தாக்கு' கலிபோர்னியாவின் கிழக்கெல்லையை ஒட்டி அமைந்தது. அதன் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. 1913-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் அங்கே 56.7 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. ஓர் ஆண்டில் அங்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 5 சென்டிமீட்டரே. இத்தகைய நிலத்தின் வழியே கடந்த 180 ஆண்டுகளாக மக்கள் நூலைக் கையிலேந்திச் சென்று வருகின்றனர். அந்நூல்களுள் சில உயிர் காத்தன. சில உயிரை வாங்கின.

முதல் வினா, கண்டவர் யார் என்பது. 1845-ஆம் ஆண்டில் லான்ஸ்போர்டு ஹேஸ்டிங்ஸ் என்பவர், ஆரிகன், கலிபோர்னியா ஆகிய நாடுகளுக்குக் குடியேறச் செல்வோர்க்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். கலிபோர்னியாவில் மக்கள் பெருந்திரளாகக் குடியேற வேண்டும் என்பது அவருடைய வேட்கை. வழக்கமான பாதையினின்றும் பிரிந்து, தென்மேற்காகத் திரும்பி, உப்பு ஏரியின் பக்கமாகச் சென்றால் வழி சுருங்கும் என்று அந்நூலில் சுருக்கமாக எழுதினார். எழுதிய காலத்தில் அவர் அவ்வழியில் ஓரடியும் எடுத்து வைத்ததில்லை. நிலப்படத்தைப் பார்த்து, வளைந்த கோட்டினும் நேர்கோடு குறுகியது என்று எண்ணி எழுதிய சொல் அது. 1846-ஆம் ஆண்டில்தான் அவர் முதன்முறையாக அவ்வழியைக் குதிரைமீது கடந்தார்.

அவ்வாண்டில் டானர், ரீடு என்னும் இரு குடும்பத்தாரைத் தலைமையாகக் கொண்ட ஒரு கூட்டம் கூண்டு வண்டிகளில் மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வழியில் ஒரு கோட்டையில் ஜேம்ஸ் கிளைமன் என்பவரை அவர்கள் கண்டனர். அவர் மலைகளிலும் காடுகளிலும் பல்லாண்டு திரிந்தவர். ஹேஸ்டிங்ஸோடு அப்புதிய வழியைக் கடந்து அப்போதுதான் வந்தவர். அவ்வழி வண்டிகளுக்கு ஏற்றதன்று என்றும், பழைய பாதையிலேயே செல்லுமாறும் அவர் ரீடை எச்சரித்தார். ஒரு பக்கம் அச்சிட்ட நூல். மறுபக்கம் கண்ணால் கண்டவரின் வாய்ச்சொல். ரீடு நூலையே நம்பினார். கூட்டத்தினர் குறுக்கு வழியில் திரும்பினர்.

அதன்பின் நேர்ந்தவை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. முதலில் வாசாட்ச் மலைகளில் புதர்களையும் மரங்களையும் வெட்டி வழி உண்டாக்குவதில் இரண்டு வாரங்களுக்கு மேல் கழிந்தன. ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் அவர்கள் உப்புப் பாலைவனத்தில் அடியெடுத்து வைத்தனர். அதன் அகலம் ஏறத்தாழ 40 மைல் என்று எண்ணியிருந்தனர். உண்மையில் அது ஏறத்தாழ 80 மைல் இருந்தது. 40 மைலுக்குப் போதும் என்று எடுத்துச் சென்ற நீர் 80 மைலுக்கு எவ்வாறு போதும்? மேலே வெண்மையாகத் தோன்றிய உப்புப் படலத்தின் கீழே ஈரச் சேறு இருந்தது. சக்கரங்கள் அதில் புதைந்தன. நீர் தீர்ந்தது. தாகத்தால் வெறி கொண்ட எருதுகள் நுகத்தினின்றும் விடுபட்டு ஓடி மறைந்தன. பல வண்டிகளை விட்டுவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் நடந்தனர். நீரூற்றை அடைவதற்குள் ஐந்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. கால்நடைகளில் முப்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன.

பாலையில் அவர்கள் உயிர் பிழைத்தனர். ஆனால் காலம் கடந்துவிட்டது. சியரா நெவாடா மலையை அடைந்தபோது பனி கொட்டத் தொடங்கிற்று. அதே வழியில் முன்னே சென்ற வேறு வண்டிகள் பனிக்கு முன்பே மலையைக் கடந்துவிட்டன. மலையிலும் பாலையிலும் நாட்களை இழந்த இவர்களோ கணவாயின் அடியில் சிக்கிக்கொண்டனர். 87 பேர் கொண்ட அக்கூட்டத்தில் ஏறத்தாழ 40 பேர் அடுத்த வேனிலைக் காணவில்லை. தான் காணாத வழியைக் கண்டதுபோல் எழுதிய ஒருவரின் சொல்லும், கண்டவரின் எச்சரிக்கையை ஏற்காத மனமும் சேர்ந்து இத்துயரத்தை விளைவித்தன.

இதற்கு மாறான நூலும் உண்டு. 1859-ஆம் ஆண்டில் ராண்டால்ஃப் மார்சி என்னும் படைத்தலைவர், அந்நாட்டுப் போர்த்துறையின் இசைவோடு, நெடுந்தொலைவு செல்வோர்க்கு ஒரு கையேட்டை எழுதினார். அவர் எல்லைப்புறங்களில் நீண்ட காலம் பணியாற்றியவர். தம் பட்டறிவையும், பிறர் வழி நடந்து எழுதிய குறிப்புகளையும் தொகுத்து அவர் அந்நூலை அமைத்தார். ஒரு தங்குமிடத்துக்கும் அடுத்த தங்குமிடத்துக்கும் இடையே எத்தனை மைல், அங்கே விறகு உண்டா, நீர் உண்டா, கால்நடைக்குப் புல் உண்டா என்பவற்றை அந்நூல் வரிசையாகக் கூறுகின்றது. அதில் அழகிய வருணனை குறைவு; அளவும் இடமும் மிகுதி. ஒரு வழிகாட்டி நூலின் தகுதியை அறிய இதுவே உரைகல். 'எளிய வழி', 'குறுகிய வழி' என்னும் பொதுச் சொற்கள் நிறைந்த நூலை ஐயுறுக. இத்தனை மைலில் இன்னது உண்டு என்று கணக்குக் கூறும் நூலை மதித்திடுக.

இரண்டாம் வினா, எப்போது கண்டார் என்பது. நேர்மையான ஆசிரியர் நேரிற் சென்று கண்டு எழுதிய நூலும் காலத்தால் பொய்யாகலாம். 1926-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்தினின்றும் லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கி 66-ஆம் எண் நெடுஞ்சாலை வகுக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். மேற்குக் கோடியில் அது மோஹாவே பாலைவனத்தின் ஊடே சென்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946-இல் ஜாக் ரிட்டன்ஹவுஸ் என்பவர் அந்நெடுஞ்சாலைக்கு ஒரு சிறு வழிகாட்டி நூலை வெளியிட்டார். சிறியதொரு காரில் தாமே அவ்வழியில் சென்று, சிற்றூர்தோறும் பெட்ரோல் கிடைக்கும் இடம், வண்டி பழுது பார்க்கும் இடம், தங்கும் விடுதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். பாலைப்பகுதியை மாலையிலோ இரவிலோ விடியற்காலையிலோ கடத்தல் நன்று என்று கூறினார். உழைப்பாலும் உண்மையாலும் உருவான நூல் அது.

அத்தகைய நூலுக்கும் காலம் எல்லை வகுத்தது. மோஹாவேயின் நடுவே ஆம்பாய் என்னும் சிற்றூர் உள்ளது. 66-ஆம் சாலையில் செல்வோர் அங்கே நின்று பெட்ரோல் ஊற்றிக்கொள்வர், உண்பர், உறங்குவர். 1973-ஆம் ஆண்டில் வடக்கே சற்றுத் தொலைவில் அகன்ற புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. வண்டிகள் யாவும் அப்பக்கம் திரும்பின. ஆம்பாயின் வாணிகம் சட்டென்று ஓய்ந்தது. அச்சாலையிலிருந்த வேறு பல ஊர்களும் அவ்வாறே மெலிந்தன. 1985-ஆம் ஆண்டில் 66 என்னும் எண்ணே நாட்டு நெடுஞ்சாலைப் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. 1946-ஆம் ஆண்டின் நூலை நம்பி, பெட்ரோல் குறைந்த வண்டியோடு பின்னாளில் ஒருவர் அங்குச் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிழை ஆசிரியருடையது அன்று. நூலின் முதற்பக்கத்தில் அச்சிட்ட ஆண்டைப் பார்க்காதவருடையது.

பாலையில் வழியை அழிப்பது காலம் மட்டுமன்று, வெள்ளமும் அழிக்கும். மழையற்ற நிலத்தில் வெள்ளமா என்று வியப்புத் தோன்றலாம். மரமும் புல்லும் இல்லாத வன்னிலம் நீரை உறிஞ்சுவதில்லை. மலைமேல் சிறிது நேரம் பெய்த மழையும் பள்ளங்களில் திரண்டு, கல்லையும் மண்ணையும் புரட்டிக்கொண்டு பாய்கின்றது. டெத் வேலியில் 'ஸ்காட்டியின் கோட்டை' என்னும் மாளிகை உண்டு. பயணிகள் பலர் விரும்பிக் கண்ட இடம் அது. 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த வெள்ளம் அதற்குச் செல்லும் சாலையைப் பெயர்த்தெறிந்தது. அம்மாளிகை ஆண்டுக் கணக்கில் மூடிக் கிடந்தது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், ஓர் ஆண்டு மழையைவிட மிகுதியான மழை ஒரே நாளில் பெய்தது. பூங்காவின் சாலைகள் யாவும் அடைக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு திங்கள் கழித்தே மீண்டும் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. அவ்வாண்டு வேனிலில் அச்சான நூலும் இதனைக் கூறியிருக்க முடியாது.

ஆகவே, நூலிலுள்ள செய்திகளை இருவகையாகப் பிரித்துக்கொள்ளுதல் அறிவுடைமை. மலையின் உயரம், ஊர்களுக்கு இடையே உள்ள தொலைவு, ஏற்ற இறக்கம், பருவந்தோறும் நிலவும் வெப்பம் ஆகியவை எளிதில் மாறா. இவற்றை நூலிலிருந்து கற்கலாம். பெட்ரோல் நிலையம், கடை, விடுதி, நீர்க்குழாய், சாலையின் நிலை ஆகியவை மாறும். இவற்றைப் புறப்படும் நாளில் உரிய அலுவலகத்தாரிடமும் அவ்வூராரிடமும் கேட்டு உறுதி செய்தல் வேண்டும். நூல் மாறுவன பற்றிக் கூறுமிடமெல்லாம், கேட்க வேண்டிய வினாவை நினைவூட்டுகிறது என்று கொள்ளுதல் தகும். அவ்வகையில் பழைய நூலும் பயன்படும். எதைக் கேட்பது என்று அறியாதவருக்கு எவராலும் விடை கூற இயலாதன்றோ?

மூன்றாம் வினா, எவ்வகை வண்டியில் சென்று கண்டார் என்பது. தார் பூசிய சாலையும், கற்கள் துருத்திய மலைத்தடமும் நிலப்படத்தில் கோடுகளாகவே தோன்றும். ஒன்று தடித்த கோடு. மற்றொன்று மெல்லிய கோடு. அவ்வளவே வேறுபாடு. ஆனால், மெல்லிய கோட்டின்மேல் செல்வதற்கு உயர்ந்த அடிப்பாகமும், நான்கு சக்கரங்களிலும் விசை பாயும் அமைப்பும் கொண்ட வண்டி வேண்டும். 1996-ஆம் ஆண்டு ஜூலையில் ஐரோப்பாவிலிருந்து வந்த பயணிகள் நால்வர் வாடகைக்கு எடுத்த குடும்ப வண்டி ஒன்றில் டெத் வேலியின் தென்மேற்குப் பகுதிக்குள் சென்றனர். மலையைக் கடக்கப் போவதாக வழியிலிருந்த குடில் ஒன்றின் குறிப்பேட்டில் எழுதி வைத்தனர். பின்பு அவர்களை எவரும் காணவில்லை. அக்டோபர் மாதத்தில் அவ்வண்டி, டயர்கள் பழுதுற்ற நிலையில், ஓடுவதற்கு ஒண்ணாத ஒரு பள்ளத்தில் கண்டெடுக்கப்பட்டது. அவர்களுடைய முடிவை உணர்த்தும் எச்சங்கள் 2009-ஆம் ஆண்டில்தான் கிடைத்தன. அந்தத் தடத்தில் தக்க வண்டியோடு, குளிர்காலத்தில், சென்று மீண்டவர் பலர் உண்டு. ஒருவருக்கு வழியாக இருப்பது மற்றொருவருக்கு வழி ஆகாது.

இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின் செய்யத்தக்கது யாது? நூலை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் தமக்கென ஓர் அட்டவணையைத் தாமே எழுதுதல் வேண்டும். இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் இத்தனை கிலோமீட்டர். சேர வேண்டிய நேரம் இது. அங்கே நீர் உண்டு, இல்லை. பெட்ரோல் உண்டு, இல்லை. இவ்வாறு எழுதும்போதுதான் நூலைப் படித்தபோது கண்ணிற் படாத இடைவெளிகள் புலனாகும். இரண்டு நூல்களை ஒப்பிட்டு எழுதின் இன்னும் நன்று. இரண்டும் ஒத்தால் உறுதி பெருகும்; முரண்பட்டால் அவ்விடமே கேட்டறிய வேண்டிய இடம்.

முதற் கணக்கு நீர். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் நீர் வேண்டும் என்று டெத் வேலிப் பூங்காவைக் காக்கும் அலுவலர்கள் கூறுகின்றனர். மூவர் இரண்டு நாள் செல்வதாயின் 24 லிட்டர் ஆகும். வண்டி பழுதாகி ஒரு நாள் நின்றுவிட்டால் மேலும் 12 லிட்டர் வேண்டும். ஆக 36 லிட்டர் எடுத்துச் செல்லுதல் முறை. ரேடியேட்டருக்கு ஊற்றும் நீர் இதில் சேராது. கடும் வெயிலில் உடலுழைப்புச் செய்பவரின் உடம்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேலாக வியர்வை வெளியேறலாம். வறண்ட காற்றில் அவ்வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், நீர் குறைவதை உடையவரே உணரார். பாலையின் வஞ்சகம் இதுவே.

அடுத்த கணக்கு பெட்ரோல். ஒரு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 40 லிட்டர் பெட்ரோல் இருந்தால் 480 கிலோமீட்டர் செல்லலாம் என்று கணக்குக் காட்டும். மணலிலும் ஏற்றத்திலும் அக்கணக்குப் பொய்க்கும். ஆதலின் மூன்றில் ஒரு பங்கைச் செல்வதற்கும், ஒரு பங்கை மீள்வதற்கும், எஞ்சிய பங்கை எதிர்பாராதவற்றுக்கும் ஒதுக்குதல் வேண்டும். அவ்வாறாயின் 160 கிலோமீட்டர் சென்றும் பெட்ரோல் கிடைக்கவில்லையானால் திரும்பிவிட வேண்டும் என்பது புறப்படும் முன்பே முடிவாகிவிடும். இம்முடிவை வீட்டில் அமர்ந்து செய்தல் எளிது. வழியில், 'இன்னும் சிறிது தூரமே' என்று மனம் ஏமாற்றும்போது செய்தல் அரிது.

பருவமும் நேரமும் மூன்றாம் கணக்கு. நவம்பர் முதல் மார்ச்சு வரை அப்பாலைகளைக் காண ஏற்ற காலம். கோடையில் செல்ல நேரின் தார்ச்சாலையை விட்டு விலகாமை நன்று. செல்லும் வழியையும் மீளும் நாளையும் வீட்டாரிடமோ நண்பரிடமோ எழுதிக் கொடுத்துச் செல்லுதல் வேண்டும். குறித்த நாளில் வாராவிடின் தேடுவோர் எங்கே தேடுவது என்பதை அத்தாள் கூறும். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு அகலாதிருத்தலும் அவ்வலுவலர்கள் கூறும் அறிவுரையே. வண்டி நிழல் தரும். நீர் அதில் இருக்கும். வானூர்தியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மனிதனைவிட வண்டியே முதலில் தென்படும்.

'கைபேசி உள்ள இக்காலத்தில் நூலும் அட்டவணையும் எதற்கு? செயற்கைக்கோள் வழி காட்டாதோ?' என்று சிலர் வினவுவர். டெத் வேலியின் பெரும்பகுதியில் கைபேசி இயங்குவதில்லை. வழிகாட்டும் கருவியோ, குறுகிய வழியைத் தேடும்போது பழைய தடங்களையும் பாழ்பட்ட வழிகளையும் சாலை என்றே கொள்வதுண்டு. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே கருவி காட்டிய வழியில் சென்ற ஒரு தாயின் வண்டி மணலில் புதைந்தது. ஐந்து நாட்கள் கழித்துத் தாய் மீட்கப்பட்டாள். உடன் சென்ற சிறுவன் உயிர் நீத்தான். தொலைவிடங்களில் அக்கருவியை நம்பவேண்டா என்று பூங்கா அலுவலர்களே எச்சரிக்கின்றனர். ஆழ்ந்து நோக்கின், கருவியிலுள்ள நிலப்படமும் ஒரு நூலே. அதையும் யாரோ, எப்போதோ, எதையோ கண்டு எழுதினர். அச்சிட்ட தாளுக்குரிய மூன்று வினாக்களும் ஒளிரும் திரைக்கும் உரியவை. ஹேஸ்டிங்ஸின் நேர்கோடு இன்று கண்ணாடித் திரையில் மின்னுகிறது, அவ்வளவே.

'எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்துவிட்டால் பயணத்தின் இன்பம் குன்றாதோ?' என்பது மற்றொரு தடை. அது பொருந்தாது. நீர் போதுமா என்று அஞ்சுபவர் கண்ணில் மாலை வானத்தின் செம்மை படாது. நல்ல மழை பெய்த ஆண்டின் இளவேனிலில் அப்பாலை நிலம் மஞ்சள் மலர்களால் நிறைந்து விளங்கும். 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் அக்காட்சி மிகச் சிறப்பாக இருந்தது. வழியில் இறங்கி அமைதியாக நின்று காண்பதற்கு ஓய்ந்த மனம் வேண்டும். கணக்குகளை வீட்டிலேயே முடித்து வந்தவருக்கே அம்மனம் வாய்க்கும். வியப்பைத் திட்டம் கெடுப்பதில்லை. வியப்பதற்கு உயிரோடிருக்கச் செய்கிறது.

இன்னும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. பயணம் முடித்து மீண்டவர், நூலில் கண்டதற்கும் நேரில் கண்டதற்கும் உள்ள வேறுபாடுகளை ஓரத்தில் குறித்து வைத்தல் வேண்டும். 'இங்குக் கடை இல்லை', 'இப்பாலம் இடிந்துள்ளது' என்ற சிறு குறிப்பைப் பின்னே வருவோர்க்குக் கூறுதல் வேண்டும். நூலால் பயன் பெற்றவர் அந்நூலுக்குச் செலுத்தும் கடன் அது. கிளைமன் கூறிய எச்சரிக்கை அன்று ஏற்கப்படவில்லை. ஆயினும் அவர் கூறாமல் விட்டுவிடவில்லை. கண்டதைக் கண்டவாறு கூறுதல் வழி நடந்தோர் யாவர்க்கும் உரிய அறமாகும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையே. ஆயினும், எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு நீர் ஊற்றினால் சுரை காய்க்கும் என்பதை ஏடு கூறும். விதைப்பதும் நீர் ஊற்றுவதும் படித்தவர் செய்ய வேண்டியவை. வழிகாட்டி நூலும் அத்தகையது. பாலையைப் பற்றி அது பல கூறும். ஆனால் அதன் பக்கங்களில் ஒரு துளி நீரும் இல்லை. நீரைக் குடத்தில் நிரப்பிக்கொண்டு செல்லும் பொறுப்பு, அதைப் படிப்பவருடையதே.